இந்த மாதம் வாசித்தவை: உ.வே.சா., அசோகமித்திரன், ப. சிங்காரம், இமையம்

காவிரிக்கரை:

வணக்கம் நண்பர்களே. இந்த மாதம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத புத்தகங்களை அடுத்தடுத்து எடுத்துவிட்டேன். உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம், அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு, ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி, இப்போது கையில் இமையத்தின் செல்லாத பணம். மனதில் பட்டதைச் சொல்கிறேன், கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

என் சரித்திரத்தைப் பாடப்புத்தகப் பெரியவர் ஒருவரின் நினைவுக்குறிப்பு என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உடனே எடுங்கள். ஏடு தேடி அலைந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னைப் பிடித்து உட்கார வைத்தது அதற்கு முந்தைய பகுதி. பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டால் போதும், அப்பா குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகப் போகிறார், கையில் காசு கிடையாது, யாராவது நெல்லோ பருப்போ கொடுத்தால்தான் அடுப்பு எரியும். அப்புறம் ஆசிரியராக மீனாட்சிசுந்தரம் பிள்ளை வருகிறார். அவ்வளவு பெரிய கவி, கடைசிவரை கடன் விடவில்லை. 1876இல் அவர் உயிர் பிரியும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். இன்னொரு மாணவரான சவரிநாத பிள்ளை அவரை மார்பில் தாங்கிக்கொண்டிருக்கிறார், சாமிநாதையர் பக்கத்தில் இருந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசிக்கிறார். ஒரு சொல் மிகையாக இல்லை. எண்பத்தைந்து வயதில் இப்படி எழுத முடிந்திருக்கிறது!

18வது அட்சக்கோடு செகந்திராபாத்தில் நடக்கிறது. நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள், நிஜாமுக்கு ஆதரவாக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருவது. கதாநாயகன் சந்திரசேகரனுக்குக் கிரிக்கெட்டும் கல்லூரியும் வீட்டு வேலையும்தான் உலகம், சரித்திரம் அவன் சைக்கிள் போகும் தெருவுக்குள் மெல்ல மெல்ல நுழைகிறது. கடைசிப் பக்கங்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், படிக்காதவர்கள் நேராகவே படிக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை தமிழில் கலவரத்தைப் பற்றி இதைவிட நேர்மையாக எழுதிய நாவல் இல்லை.

இப்போது கேள்வி. அதே 1940கள்தான் புயலிலே ஒரு தோணியிலும், ஆனால் இந்தோனேசியாவின் மெடான், மலேயாவின் பினாங்கு, யுத்தம், நேதாஜியின் ஐ.என்.ஏ. படை என்று எல்லாமே பெரிது. அசோகமித்திரனை முடித்த கையோடு எடுத்ததாலோ என்னவோ, எனக்கு ஒட்டவில்லை. கதாநாயகன் பாண்டியன் எல்லா இடத்திலும் ஜெயிக்கிறான், குடித்துவிட்டுப் பேசும் பக்கங்கள் நீண்டுகொண்டே போகின்றன. பாதியில் வைத்துவிட்டேன். இரண்டையும் படித்தவர்கள் சொல்லுங்கள், இதை வேறு மாதிரி அணுக வேண்டுமா?

பொன்னமராவதியான்:

அண்ணே, பாதியில் வைக்கும் புத்தகமே இல்லை அது. பாண்டியனின் சாகசத்துக்காக வாசித்தால் நீங்கள் சொல்வது சரிதான், அந்தப் பகுதி சினிமா போலத்தான் போகும். நீங்கள் மெடானின் மொஸ்கி ஸ்ட்ராட் தெரு வரும் பக்கங்களுக்குத் திரும்பிப் போங்கள். வட்டிக்கடைகள் இருக்கும் கிட்டங்கி என்ற கட்டடம், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அந்த அடுக்கு, ஊரை விட்டுக் கப்பலேறி வந்து பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்கு எழுதும் பையன்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது அப்படிப் போயிருப்பார்கள். அந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து எழுதிய வேறொரு நாவலை நீங்கள் காட்ட முடியாது, ஏனென்றால் சிங்காரமே சிங்கம்புணரியிலிருந்து சின்ன வயதில் மெடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் இருந்தார், எழுதியது இரண்டே நாவல், 1972இல் இது வெளிவந்தபோது கவனித்தவர்கள் ரொம்பக் குறைவு.

குடித்துவிட்டுப் பேசும் பக்கங்கள் நீளம் என்கிறீர்கள். எனக்கு அதுதான் நாவலின் உயிர். ஊர் திரும்ப வழி தெரியாத ஆட்கள், கையில் மிச்சமிருப்பது பேச்சு மட்டும்தான், அதனால் தமிழ்ப் பெருமை, பழைய இலக்கியம், மதுரைத் தெருக்கள் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு அலசுகிறார்கள். நடுவில் சின்னமங்கலம் திங்கட்கிழமைச் சந்தை பாண்டியன் நினைவில் வரும் பாருங்கள், அந்த இடத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.

மதுரை வாசகி:

என் சரித்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கும் இடம். சாமிநாதையர் தான் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று வரிசையாகச் சொல்கிறார், முதலியார் எதற்கும் அசையாமல் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் காலத்தில் பெரிய புலவரின் மாணவர், கல்லூரி ஆசிரியர், அவரை ஒரு முன்சீப் இப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். இவரோ, அது சமணக் காப்பியம் என்பதால் சமணர்களின் வீடு தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார், 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்ததே இந்தக் குணம்தான்.

செல்லாத பணம் விஷயமாக ஒரு வார்த்தை. நான் தீக்காய வார்டில் வேலை பார்த்தவள். ரேவதி பொறியியல் படித்துவிட்டு ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், பிறகு தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், இதுதான் கதை என்று தெரிந்ததும் எனக்கு எடுக்கவே பயமாக இருந்தது. ஆனால் இமையம் வார்டு வாசலை எழுதியிருக்கும் விதம் இருக்கிறதே, அது அப்படியேதான் இருக்கும். உள்ளே யாரையும் விடமாட்டார்கள், வெளியே சொந்தக்காரர்கள் குழுகுழுவாக நிற்பார்கள், ஒருத்தர் அழுவார், பக்கத்திலேயே இன்னொருத்தர் நகைக் கணக்கு பேசுவார், உடம்பு எத்தனை சதவீதம் எரிந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்பா கையில் பணம் இருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுகிறேன் என்பார். டாக்டரால் பதில் சொல்ல முடியாது. எரிந்தது எப்படி என்பதை நாவல் கடைசிவரை ஒரு பக்கம் சாய்த்துச் சொல்லாததும் எனக்குச் சரியாகவே பட்டது, மரண வாக்குமூலம் எடுக்கும்போது நாங்கள் நின்று பார்த்தது அந்த நிச்சயமின்மையைத்தான். இதை மட்டும் வேறெதோடும் கலக்காமல் தனியாகப் படியுங்கள்.

கரிசல் குருவி:

கலந்து படிப்பதால்தான் சிங்காரம் ஒட்டவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. வரிசைதான் கோளாறு. அசோகமித்திரன் வாசித்ததும் காது மெல்லிய குரலுக்குப் பழகிவிடும், அதற்கப்புறம் யார் பேசினாலும் சத்தமாகத்தான் கேட்கும். நடுவில் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்தை வையுங்கள். நூற்றுமுப்பத்தேழு வயது மங்கத்தாயாரு அம்மாள் உட்கார்ந்து, தெலுங்கு தேசத்திலிருந்து உயிர் தப்பி வந்த கதையைச் சொல்கிறாள், சுற்றிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரிய சம்பவங்களை வாய்ப்பேச்சாகக் கேட்டுப் பழகிவிட்டால் பாண்டியனின் பேச்சும் காதில் நிற்கும். மதுரை வாசகி அக்கா சொன்னதை நானும் வழிமொழிகிறேன், செல்லாத பணத்தை இப்போது பாதியில் இருந்தால்கூட நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஒரே மூச்சில் படியுங்கள்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பொன்னமராவதியான் தம்பி, பாண்டியன் எல்லா இடத்திலும் ஜெயிப்பது எனக்கு இன்னும் உறுத்தத்தான் செய்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் கிட்டங்கிப் பக்கங்களை நான் அவசரமாகத் தாண்டியிருக்கிறேன் என்பது உங்கள் பதிலைப் பார்த்ததும் புரிந்தது, அங்கிருந்தே மறுபடி தொடங்குகிறேன். மதுரை வாசகி அக்கா, செல்லாத பணத்தில் அந்த வார்டு வாசல் பேச்சு செயற்கையாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார், நீங்கள் எழுதியதை அவருக்கு அனுப்பப் போகிறேன். கோபல்ல கிராமம் வீட்டிலேயே இருக்கிறது. அதன் தொடர்ச்சியான கோபல்லபுரத்து மக்களை உடனே படிக்கலாமா, இடைவெளி விடலாமா?