டவுன்ஹால் பக்கம் மறுபடி உசுரு வருதுங்களா, இல்ல வெறும் சாரமும் சிமெண்டுந்தானா?

தேர்முட்டிக்காரன்:
கோயமுத்தூர் வளருதுன்னு யாரு எழுதுனாலும் சரவணம்பட்டி, அவிநாசி ரோடு, பைபாஸ் இந்த மூணுக்குள்ளயே சுத்தறாங்க. டவுன்ஹால்னா பழசு, நெரிசல், பார்க்கிங் இல்ல, அங்க எவன் போவான்னு ஒரே பாட்டுத்தான். நானு இங்கயே பொறந்து இங்கயே கட வச்சிருக்கறவனுங்க, கண்ணு முன்னால நடக்கறத சொல்றேன். பெரிய கடை வீதியில இருந்து வைசியாள் வீதி வரைக்கும் ஒருக்கா நடந்து பாருங்க, சந்துக்குச் சந்து சாரம் கட்டியிருக்குது. எங்க கடைக்குப் பின்னால ஒரு பழைய ஊட்ட எறக்குனாங்க, ஒரு மொழத்துக்கு மேல தடிமனா சுண்ணாம்புச் சுவரு, தேக்கு உத்தரம், நெலவுக்கதவு எல்லாத்துலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு லாரியில ஏத்திட்டுப் போனாங்க, இப்ப அந்த எடத்துல மூணாவது தளத்துக்குக் கம்பி கட்டீட்டு இருக்கறாங்க. அஞ்சாறு வருஷம் முன்ன அந்த ஊட்டுக்கு வாடகைக்கு ஆளே கெடைக்கல.

இதுக்கு முக்கியக் காரணம் உக்கடம் பாலமுங்க. 2018ல ஆரம்பிச்சு 2024 ஆகஸ்ட்லதான் தெறந்தாங்க, உக்கடத்துல இருந்து ஆத்துப்பாலம் வரைக்கும் 3.8 கிலோமீட்டர். வேலை நடந்த அத்தன வருஷமும் பாலக்காட்டுப் பக்கமிருந்தும் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் கல்யாணத்துக்குத் துணி எடுக்க, நகை எடுக்க வர்ற சனம் ஆத்துப்பாலத்துலயே மாட்டி நொந்து போய் வேற பக்கம் திரும்பிருச்சு. இப்ப ஞாயித்துக்கெழம ஒப்பணக்கார வீதியில கேரளா வண்டி நம்பர் எத்தன நிக்குதுன்னு வந்து பாருங்க. 97 கலவரம், 98 குண்டுவெடிப்புன்னு பட்ட அடிக்கு அப்பறமும் எந்திரிச்ச வீதிங்க இது. இந்தத் தடவையும் எந்திரிச்சாச்சுங்கறது என்ற கட்சி, மறுக்கறவங்க வாங்க.

கோல்டுவின்ஸ் ஐடி:
அண்ணா, உங்க பாசம் புரியுது ஆனா ஒத்துக்க முடியல. சாரம் கட்டுனா வளர்ச்சின்னு ஆயிராது. காசு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. 2025 அக்டோபர்ல உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் பாலம் தெறந்தாச்சு, ஏர்போர்ட் அந்தப் பக்கம், காலேஜ், ஆஸ்பத்திரி, ஐடி பார்க் எல்லாமே அந்தப் பக்கம். 1910ல ஆரம்பிச்ச லட்சுமி மில் வளாகத்துக்குள்ளயே இப்ப ஹைப்பர்மார்க்கெட் வந்திருச்சு, வண்டிய நிறுத்தி சாமான் வாங்கி பசங்களுக்கு சாப்பாடும் வாங்கிக் குடுத்துட்டு ஒரே எடத்துல வேலைய முடிச்சுக்கறோம். உங்க வீதியில கார நிறுத்த எடம் தேடியே முக்கா மணி நேரம் போயிருது.

இன்னொண்ணு, உங்க ஏரியா கடைக்காரங்க பசங்களே வடவள்ளியிலயும் காளப்பட்டியிலயும் ஊடு கட்டிக் குடி போயிட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர் எறங்கிருச்சுன்னா அந்த வீதியில குடியிருக்கறது யாரு? குடியிருக்க ஆளில்லாத எடத்த மறுபடி எந்திரிச்ச டவுன்னு எப்படிச் சொல்றீங்க, அது பகல்ல மட்டும் தெறக்கற சந்தைதானுங்களே. 1914ல சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டுனப்ப ஊரே அங்கதான் இருந்துச்சு, சினிமாவும் அங்கதான் வந்துச்சு. இப்ப வெரைட்டி ஹால் ரோடுன்னு பேருதான் மிச்சம்.

வைசியாள் வீதி பட்டறை:
ரெண்டு பேரு சொல்றதையும் படிச்சேன். தம்பி, குடியிருக்க ஆளில்லைன்னு சொல்றியே, ராத்திரி பன்னண்டு மணிக்கு எங்க சந்துக்கு வந்து பாரு கண்ணு. மேல்மாடி பூராம் லைட்டு எரியும். கீழ ஷட்டர் எறங்குனாலும் மேல நகைப் பட்டறையில தங்கம் உருக்கறது, கம்பி இழுக்கறது, பாலிஷ் எல்லாம் நடந்துட்டுத்தான் இருக்கும், வங்காளத்துப் பசங்க அங்கயே சமைச்சு அங்கயே படுத்துக்குவாங்க. ஊர்ல பாதிப்பேருக்கு அது தெரியறதில்ல, ஏன்னா அந்தப் படிக்கட்டுல ஒராளு ஏறுனா எதுத்தாப்ல இன்னொராளு எறங்க முடியாது, எவனும் மேல ஏறிப் பாக்கறதில்ல.

ஆனா தேர்முட்டி அண்ணன் சொல்ற சாரத்தப் பாத்து எனக்கு சந்தோசம் வரல, பயந்தான் வருது. பழைய ஊடு எறங்குனா அதுல மேல்மாடியில இருந்த நாலு பட்டறையும் எறங்குது. புதுசாக் கட்டறவங்க ஷோரூமுக்குத்தான் குடுப்பாங்க, ஆசிட் பொகையும் கேஸ் சிலிண்டரும் இருக்கற எங்களுக்கு எவன் குடுப்பான். பவுன் லட்சத்தத் தாண்டுனதுக்கப்பறம் ஆர்டரே கொறைஞ்சு போய்க் கெடக்குது, இதுல வாடகையும் ஏறுனா என்ன பண்றது. எங்க சந்துல விடியறதுக்குள்ள சாக்கடை மண்ண அள்ளிச் சலிச்சு அதுல இருக்கற தங்கத்தூள எடுத்துப் பொழைக்கற குடும்பமெல்லாம் இருக்குது. பட்டறையில கூட்டுன தூசியக்கூட நாங்க வீணாக்கறதில்ல, வித்துருவோம். அந்தத் தூசிய வெச்சே ஒரு கூட்டம் சோறு திங்குதுன்னா அந்த வீதி செத்த வீதியா? அதான் தம்பிக்கு எம்பட பதில். அண்ணனுக்கு என்ன கேக்கறேன்னா, புதுக் கட்டடம் யாருக்கு?

உக்கடம் கீழ்க்கரை:
யாருக்குன்னு கேட்டீங்களே, அந்தக் கேள்வி எங்களுக்குத்தானுங்க மொதல்ல வந்துச்சு. பெரியகுளம் கரைய ஸ்மார்ட் சிட்டியில அழகு பண்ணுனாங்க, நடைபாதை, லைட்டு, செல்பி எடுக்கற எடம் எல்லாம் வந்துச்சு, நல்லாத்தான் இருக்குது, நானும் பசங்களக் கூட்டிட்டுப் போறேன். ஆனா கொளத்தங்கரைகள்ல இருந்த சனத்த கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பிட்டாங்க. விடியக்காலம் மூணு மணிக்கு மீன் மார்க்கெட்டுல லோடு எறக்கறவன், காய்கறி மூட்ட தூக்கறவன், வீதி கூட்டறவன் எல்லாரும் டவுனுக்கு நடந்து வந்து வேல பாத்தவங்க. மூணு மணிக்கு மலுமிச்சம்பட்டியில இருந்து எந்த பஸ்ஸு வருது? பாலத்துக்கு எடம் வேணும்னு சி.எம்.சி காலனியில துப்புரவுப் பணியாளருங்க ஊட்ட இடிச்சாங்க, பாலம் எந்திரிக்கற வேகத்துல அவங்களுக்கு ஊடு எந்திரிக்கல. தேர்முட்டி அண்ணா, பாலத்தாலதான் டவுன் பொழைச்சுதுன்னு எழுதறப்ப அதையும் ஒரு வரி சேத்துக்குங்க.

செல்வபுரத்து அம்மணி:
நானு ஒப்பணக்கார வீதியில ஜவுளிக்கடை பில்லிங்ல இருக்கறேன். எல்லாரும் பாலம் பாலம்னே பேசறீங்க, எங்கள மாதிரி ஆளுங்கள டவுனுக்குக் கொண்டு வந்தது பாலமில்லீங்க, பஸ்ஸு. 2021 மே மாசம் லேடீஸுக்கு டவுன் பஸ்ல காசில்லைன்னு ஆனதுக்கப்பறம் எங்க கடைக்கு வர்ற கூட்டமே மாறிப்போச்சு, ஒரு பாவாடத்துணி எடுக்கறதுக்குக்கூட துடியலூர்ல இருந்தும் குனியமுத்தூர்ல இருந்தும் சும்மா ஏறி வந்துட்டுப் போறாங்க. வேலைக்கு வர்ற புள்ளைகளுக்கும் சம்பளத்துல பஸ் காசு மிச்சம். கோல்டுவின்ஸ் அண்ணா, கார்ல வர்றவங்க மட்டுந்தான் ஊருன்னு நெனைக்காதீங்க.

ஆனா வந்து எறங்குனா என்ன இருக்குது சொல்லுங்க. ஆர்.எஸ்.புரம் டிபி ரோட்ல பிளாட்பாரம் அகலமாப் போட்டாங்க, ரேஸ்கோர்ஸ்ல ரெண்டரை கிலோமீட்டருக்கு நடக்கறதுக்குன்னே பாதை போட்டாங்க. அங்க நடக்கறவங்க ஒடம்புக்காக நடக்கறாங்க. எங்க வீதியில சனம் பொழப்புக்காக நடக்குது, ராஜ வீதியில ரெண்டு பேரு சேந்தாப்ல நடக்க எடமில்ல, பைக்கு மேல உரசீட்டுப் போகுது. கைக்கொழந்தையோட கல்யாண ஜவுளி எடுக்க வர்ற பொம்பளைக்கு ஒரு நல்ல பாத்ரூம் எங்க இருக்குதுன்னு கேட்டா நாங்க கடைக்குள்ளதான் கூட்டிட்டுப் போறோம். மறுபடி எந்திரிச்சுதுன்னு சொல்றதுக்கு முன்னால இதக் கட்டச் சொல்லுங்க.

வரைபடக்காரன்:
நானு பிளான் போட்டுக் குடுக்கற தொழில்ல இருக்கறேன், டவுன்ஹால் பக்கம் வேலையும் பாக்கறேன், அதனால ஏன் இப்படிக் கட்டறாங்கன்னு சொல்றேன். 2019ல வந்த கட்டட விதிப்படி ரோட்டு அகலத்த வச்சுத்தான் எவ்வளவு ஒசரம் போலாம்னு முடிவாகுது. பழைய டவுன்ல மனை எல்லாம் முன்பக்கம் பத்தடி பன்னண்டடி, பின்னால ரயில் பொட்டி மாதிரி நீளமாப் போகும், செவுரோட செவுரு ஒட்டுன ஊடுங்க. தனியா ஒருத்தர் இடிச்சுக் கட்டுனா கார் நிறுத்த எடம் காட்ட முடியறதில்ல, அதனால பக்கத்து மனை ரெண்டு மூணச் சேத்து வாங்கறவரு மட்டுந்தான் கட்ட முடியுது, அவரு பெரிய கைதான். அவரும் கார் நிறுத்தக் கீழ்த்தளத்த விட்டுட்டா வீதியோரம் கட இருக்கவேண்டிய எடம் இருட்டுக் குகையாயிருது. வீதிக்கு உசுரே அந்தக் கீழ்த்தளக் கடைதான். ஆளுக்கொரு பார்க்கிங்ங்கறத விட்டுட்டு, நடந்து போற தூரத்துல ஒரே பொதுப் பார்க்கிங்க வச்சுட்டு இந்த வீதிகளுக்கு விலக்குக் குடுக்கணும். ஆனா டிபி ரோட்டு பல அடுக்கு பார்க்கிங் மாதிரி கட்டி விட்டாப் போதாது, பக்கத்து வீதியில ஓசில நிறுத்த விட்டா எவனும் மாடி ஏற மாட்டான்.

1994 மாஸ்டர் பிளானுக்கு அப்பறம் இப்பத்தான் 2041 வரைக்குமான பிளான் வந்திருக்குது. எடம் இல்லைன்னு யாரும் சொல்ல வேண்டாம். 1888ல ஆரம்பிச்ச ஸ்டேன்ஸ் மில்லு, முருகன் மில்லு, பங்கஜா மில்லுன்னு மத்திய அரசோட என்.டி.சி மில்லுங்க 2020 ஊரடங்குல சாத்துனது சாத்துனதுதான், அத்தன நெலமும் ஊருக்குள்ள சும்மா கெடக்குது, தொழிலாளிங்க சம்பளத்துக்கு அலைஞ்சுட்டு இருக்கறாங்க. உக்கடத்து சனத்தக் கீரணத்தத்துக்கு அனுப்பறதுக்குப் பதிலா இங்க எங்கயாச்சும் குடுத்திருக்கலாம்.

கோல்டுவின்ஸ் ஐடி:
மில் நெலம் பத்திச் சொன்னது சரிதான், ஆனா அதுல ஊடு கட்டுவாங்கன்னு நம்பறீங்களா. செம்மொழிப் பூங்கா ஜெயில் எடத்துல 45 ஏக்கர்ல வந்துச்சு, நல்ல விஷயம், வ.உ.சி செக்கிழுத்த எடத்துக்குப் பக்கத்துல பசங்க வெளையாடறாங்க, ஆனா அதுவும் காந்திபுரந்தான், டவுன்ஹால் இல்ல. நானு கேக்கறது இதுதான். மொத்த வியாபாரம் எதுக்கு ஊர் நடுவுல இருக்கணும்? ரங்கே கவுடர் வீதியில மளிகை லாரி நிக்கறதாலதான் பாதி நெரிசல். மெட்ரோ வந்தாலாவது பரவால்லைன்னு பாத்தா, 2025 நவம்பர்ல ஜனத்தொகை 20 லட்சம் இல்லைன்னு டெல்லியில திருப்பி அனுப்பிட்டாங்க. இனி டவுனுக்குள்ள வண்டி எறங்க எறங்க மூச்சு முட்டத்தான் செய்யும், வியாபாரம் வெளிய போறது ஊருக்கு நல்லது.

தேர்முட்டிக்காரன்:
லாரி வெளிய போகணும்னா மைல்கல்லுல இருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்கும் 32 கிலோமீட்டர் மேற்கு புறவழிச்சாலைய முடிக்கட்டும் தம்பி, ஊருக்கு சம்பந்தமில்லாம பாலக்காட்டுக்கும் ஊட்டிக்கும் போற வண்டி உக்கடத்துக்குள்ள வராது. ரங்கே கவுடர் வீதிக்கு வர்ற லாரி எங்க சோலிக்கு வர்ற லாரி, அத ராத்திரியில விட்டாப் போதும். மெட்ரோ இல்லைங்கறதுக்காக டவுனக் காலி பண்ணச் சொல்றது என்ன நாயமுங்க? ஜங்ஷன் இங்கதான இருக்குது. மேட்டுப்பாளையத்துல இருந்தும் பொள்ளாச்சியில இருந்தும் ரயில்ல வந்து எறங்குனவங்க டவுன்ஹாலுக்கு நடந்தே வந்தர்றாங்க, அவிநாசி ரோட்டு மாலுக்கு அப்படி நடந்து போக முடியுமா? மாநகராட்சி ஆபீஸு இங்கதான், 1892ல கட்டுன டவுன்ஹால் இங்கதான், கோனியம்மன் தேரு மாசியில ராஜ வீதியிலதான் வரும். இத எடுத்து எங்கயும் வைக்க முடியாது.

உக்கடத்துத் தம்பி சொன்னது ரொம்ப நாயம். எங்க சங்கத்துல பேசறப்ப மூட்ட தூக்கறவங்க நேரத்துக்கு வர்றதில்லைன்னு எல்லாரும் கொற சொல்றாங்க, ஏன் வர முடியலைன்னு கேக்கறதில்ல. விடியக்கால பஸ் வேணும்னு மனு குடுக்கறப்ப பொம்பளைங்களுக்குக் கழிப்பறையும் சேத்துக் கேக்கலாம், அம்மணி கடையில வேல பாக்கற புள்ளைகள்ட்டயும் கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்கன்னா எச்சா பலம்.

கோல்டுவின்ஸ் ஐடி:
மனு குடுங்க, நானும் போடறேன். ஆனா ஒண்ணு மட்டும் நேராக் கேக்கறேன், உங்க ஊட்டுப் பசங்க அந்தக் கடைய எடுத்து நடத்துவாங்களாண்ணா?

தேர்முட்டிக்காரன்:
நடத்தறா. என்ற மக பி.காம் முடிச்சுட்டு கடைக்கு மேல இருக்கற ரூம்ல ஒக்காந்து போன்ல ஆர்டர் எடுத்து பார்சல் போடறா. தங்கறது மட்டும் வடவள்ளியில, நீங்க சொன்னாப்லதான். இங்க ரெண்டு ரூம் நல்லதா கெடைச்சா மாப்பிள்ளையும் அவளும் வந்தர்றேன்னுதான் சொல்றாங்க.

வைசியாள் வீதி பட்டறை:
கெடைச்சா பாப்பாவக் கூட்டிட்டு வாங்க, நல்லது. எனக்கு எங்க ஓனரு மாசி நோம்பிக்குள்ள காலி பண்ணிக் குடுக்கச் சொல்லிட்டாரு, அந்த ஊடும் எறங்குதாம். உங்க பக்கம் மேல்மாடி எதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்கண்ணா. அஞ்சு பேரு ஒக்கார்ற எடம் போதும்.

தேர்முட்டிக்காரன்:
எங்க சந்துலயே ஒண்ணு இருக்குதுங்க, பத்துக்குப் பதினாறு, மூணு பேஸ் லைன் இருக்குது. சொந்தக்காரரு ஷோரூமுக்குத்தான் பாத்துட்டு இருக்கறாரு, நானு பேசறேன். வெள்ளிக்கெழம கடைக்கு வந்துருங்க.

வரைபடக்காரன்:
முன்பணம் குடுக்கறதுக்கு முன்னால பின்பக்கம் எறங்க ரெண்டாவது வழி இருக்குதான்னு பாத்துக்குங்க. சிலிண்டர் வச்சு வேல பாக்கற எடம், ஒத்தப் படிக்கட்டா இருந்தா வேண்டாம். நானும் வெள்ளிக்கெழம அந்தப் பக்கந்தான் இருப்பேன், கூட வந்து பாத்துச் சொல்றேன்.