போனில் வரும் பெரியவர்களையும் சேர்த்து மௌன ஜெபம் நடத்த உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தமிழ் ஜெபக்குழு 2020 ஊரடங்கில் போன் கான்ஃபரன்ஸுக்கு மாறியது. இப்போது நேரில் கூடுகிறோம். ஆனால் படியேற முடியாத பெரியவர்கள் சிலர் இன்னும் போனில்தான் வருகிறார்கள். அவர்களை விட்டுவிட மனசே வரவில்லை.

வழி தேடியபோது குவேக்கர் சபையார் செய்தது என்னை ரொம்ப ஈர்த்தது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அதைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்தில் உருவான கிறிஸ்தவ சபை. பிரிட்டனில் அவர்களுடைய ஆராதனையில் போதகர் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளத்தில் ஏவுதல் வந்தவர் எழுந்து பேசுவார். இந்த மௌனத்தையே பெருந்தொற்றுக் காலத்தில் ஜூமுக்குக் கொண்டுபோனார்கள். ஆராதனையைக் கைகுலுக்கி முடிக்கும் வழக்கம் நின்றுபோய், கேமராவைப் பார்த்துக் கையசைத்தார்கள். கட்டடங்கள் திறந்த பிறகு பல இடங்களில் நேரில் வருபவரையும் திரையில் வருபவரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்தார்கள்.

நாங்களும் கொஞ்ச நேரம் மௌன ஜெபம் வைக்கிறோம். சிக்கல் அங்கேதான். சத்தம் இல்லையென்றால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் பெரியவர்கள் போனை வைத்துவிடுகிறார்கள். மூலையில் உட்கார்ந்து பேசுபவர் குரலும் அவர்களுக்குக் கேட்பதில்லை. பலரிடம் பட்டன் போன்தான்.

அறை முழுக்கப் பேச்சைப் பிடிக்கிற, விலை குறைந்த மைக் எது? மௌனம் தொடங்குவதையும் முடிவதையும் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா, வேறு ஏதாவது செய்து பார்த்தீர்களா? குக் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது ஒரு ஞாயிறு மாலை வந்து பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.