புதுப்பிப்பு: தகடு வைத்த ஏர் ஃப்ளோ மீட்டரை மாற்றியாச்சு

எல்-ஜெட்ரானிக் (பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறை) உள்ள என் பழைய கார், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் திணறியது. என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டின் அசைவால் அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரைச் சரிசெய்வதா, மாற்றுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன்.

பழைய மீட்டரின் கறுப்பு மூடியைப் பிளேடால் நெம்பித் திறந்ததுமே தெரிந்தது. தகட்டோடு நகரும் முள், கார்பன் தடத்தில் ஒரே இடத்தை உரசி உரசிப் பள்ளமாக்கியிருந்தது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது முள் நிற்கும் இடம் அதுதான். சிலர் சொன்னபடி அந்தத் தடம் இருக்கும் பலகையைச் சற்று நகர்த்தி, முள்ளைத் தேயாத கார்பனில் ஓடவிட்டேன். கொஞ்ச நாள் தாங்கியது, அப்புறம் பழைய கதைதான்.

இப்போது இருப்பது, சூடான கம்பியைக் காற்று குளிர்விப்பதை வைத்துக் காற்றை அளக்கும் சென்சார். அதன் 0–5 வோல்ட் சிக்னலைப் பழைய ஈசியூவுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) புரியும்படி மாற்ற நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி. பழைய மீட்டருக்குள் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் இருந்தது. அதைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

பல மாடல்களில் பெட்ரோல் பம்ப் சுவிட்சும் பழைய மீட்டருக்குள்தான்; காற்று நின்றால் அது பம்பை நிறுத்திவிடும். தயவுசெய்து அதை நேராக ஷார்ட் செய்யாதீர்கள். விபத்தில் என்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்! இக்னிஷன் காயிலிலிருந்து சிக்னல் வந்தால், அதாவது என்ஜின் சுற்றினால் மட்டும் பம்பை ஓட்டும் ரிலே போட்டிருக்கிறேன்.

திணறல் போய்விட்டது. மைலேஜில் பெரிய வித்தியாசமில்லை. ஐடிலில் மட்டும் பெட்ரோல் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போகிறது; புகையை அளந்து பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.