பூஸ்டுக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

கல்லடியிலிருந்து, ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதான் இந்த நேரத்துல எழுதுறன். மோட்டார் மெக்கானிக் வகுப்புக்கு ஹைபிரிட், அதாவது எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுற கார், பாடம் தமிழ்ல எழுதிக்கொண்டு இருக்கன், வெள்ளிக்கிழம அச்சுக்குக் குடுக்கணும். பிரியஸ், வெசல் மாதிரி ரோட்டுல ஓடுற கார் என்டு தொடங்கினா பொடியன்மாருக்குக் கொட்டாவி வருது, போர்முலா வன் என்டு தொடங்கினா நிமிர்ந்து இருக்காங்க, அதால ரேஸ் காரை வச்சே பாடத்த எழுதிட்டன். இப்ப ரெண்டு சொல்லுல மாட்டுப்பட்டு நிக்கன். பிரேக் பிடிக்கக்குள்ள வீணாப் போற சக்திய மோட்டார் ஜெனரேட்டரா மாறி பற்றரிக்குள்ள சேர்க்குதே, அதுக்கு ஒன்டு. சேர்த்தத ட்ரைவர் தேவையான இடத்துல எடுத்து சில்லுக்கு விடுறானே, அதுக்கு ஒன்டு. இங்கிலீசுல ஹார்வெஸ்ட், டிப்ளோய் என்டுறாங்க, பட்டன அமத்துறதுக்கு பூஸ்ட்.

ஹார்வெஸ்டுக்கு "அறுவடை" என்டு போட்டுப் பார்த்தன், சரிவரல்ல. எங்கட பக்கம் அறுவடை என்டா போகத்துக்கு ஒருக்கா. இங்க ஒரு சுத்துக்குள்ளயே ஒவ்வொரு வளைவுலயும் நடக்குது.

சொல் பிழைச்சா விளக்கமும் பிழைச்சிடும் என்டுதான் கேக்கன். 2009ல போர்முலா வன்னுக்கு இந்த பிரேக் சக்திய சேர்த்து விடுற கருவி கேர்ஸ் என்டு முதல்ல வரக்குள்ள மோட்டார் 60 கிலோவாட், ஒரு சுத்துக்கு 400 கிலோஜூல், கிட்டத்தட்ட 6.7 செக்கன் அமத்தலாம், அவ்வளவுதான். 2014ல 1.6 லீற்றர் டர்போ எஞ்சினோட 120 கிலோவாட் மோட்டார், பற்றரில இருந்து சுத்துக்கு 4 மெகாஜூல் எடுக்கலாம், வகுத்துப் பார்த்தா 33 செக்கன் வருது. ஆனா பிரேக் பிடிச்சு அந்த மோட்டார் பற்றரிக்குள்ள போடக்கூடியது 2 மெகாஜூல்தான், மிச்சம் டர்போவோட பூட்டியிருந்த மற்ற ஜெனரேட்டர் புகையோட வெளிய போற சக்தில இருந்து எடுத்துக் குடுத்தது. 2026 விதில அந்த ரெண்டாவது ஜெனரேட்டர் இல்ல, மோட்டார் 350 கிலோவாட்டுக்கு ஏறிட்டுது, பற்றரில பாவிக்கிற அளவு அதே 4 மெகாஜூல். முழுசா விட்டா 12 செக்கன் தாங்காது. அப்ப ட்ரைவருக்கு நிரப்புறதும் விடுறதுமே பாதி வேலை.

எங்க விடுறது என்டதுலதான் வித்த இருக்கு. வளைவால வெளிய வந்த உடன, வேகம் குறைவா இருக்கக்குள்ள விட்டா நேரம் நிறைய மிஞ்சும். நேர்ப்பாதை முடியிற இடத்துல 300க்கு மேல ஓடக்குள்ள விட்டா காத்தோட சண்டை பிடிக்கிறதுலயே அவ்வளவும் போயிடும். அதால முன்னுக்கு விட்டுட்டுப் பின்னுக்கு நிப்பாட்டுவாங்க, அந்த நேரத்துல காருக்குப் பின்னால சிவப்பு லைட் மினுங்கும், ரீவில பார்த்திருப்பீங்க.

எனக்கு இதப் பார்க்கக்குள்ள எங்கட அப்பா உன்னிச்சைக் குளத்துத் தண்ணில சிறுபோகம் செய்ததுதான் ஞாபகம் வருது. குளத்துல தண்ணி குறைஞ்சா தண்ணி பங்கிடுற வட்டவிதானை முறை வச்சுத்தான் விடுவார், துருசு, அதுதான் குளத்து மதகு, திறந்தவுடன முதல் வயல்காரன் எல்லாத்தையும் எடுத்தா கடைசி வயல் வெடிச்சுப் போகும். அதால "தேக்கம்", "மின்பாய்ச்சல்" என்டு போட்டா என்ன? பாய்ச்சல்ல தண்ணியும் இருக்கு, புலிப் பாய்ச்சலும் இருக்கு. சொல்லுங்க.

காரைதீவிலிருந்து, திங்கள் காலை

தம்பி, அறுவடை வேணாம் என்டதுல உங்களோட நிக்கன். ஆனா பாய்ச்சல்ல ஒரு இலக்கணச் சிக்கல் இருக்கு, அதப் பார்க்காமப் போகேலாது. பாய் தன்வினை, பாய்ச்சு பிறவினை. காய்ச்சல் என்டு சொன்னா உடம்பு காய்றதும் ஆகும், பால் காய்ச்சுறதும் ஆகும், அதே மாதிரி பாய்ச்சல் என்டா தானாப் பாயுறதா, ஒருத்தன் பாய்ச்சுறதா என்டு சொல்லு காட்டாது. நீங்க சொல்ற விசயத்துல ட்ரைவர்தானே செய்யிறார், தானா நடக்கல்ல. பிறவினை தெரியணும் என்டா "பாய்ச்சுகை" என்டு எழுதணும்.

ஆனா ஏன் பாய்ச்சலோட நிக்கணும் என்டு கேக்கன். தொல்காப்பியம் உரியியல்ல "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்டு ரெண்டு சொல்ல எங்களுக்காகவே எடுத்து வச்சிருக்கு. கதழ், துனை. ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, கதழ் என்டக்குள்ள நாக்கு கடைசில எப்பிடிச் சுழண்டு நிக்குது என்டு. பூஸ்டுக்கு "கதழ்விசை". அந்த ரெண்டாயிரம் வருசச் சொல் பாவிக்க ஆளில்லாமக் கிடக்கு, இப்பிடி ஒரு சந்தர்ப்பம் வந்தும் எடுக்கல்ல என்டா மறுகா எப்ப எடுக்கிறது?

அதோட ட்ரைவர், ட்ரைவர் என்டு எழுதுறீங்க. தேர் ஓட்டுறவனுக்கு வலவன் என்டு அருமையான சொல் இருக்கு. புறநானூறு வானத்துல போற ஊர்தியச் சொல்லக்குள்ள "வலவன் ஏவா வான ஊர்தி" என்டு சொல்லுது, ஓட்டுறவன் இல்லாம ஓடுற வண்டி. ஐங்குறுநூற்றுத் தலைவன் வீட்டுக்கு வர அவசரப்பட்டு "முள்ளிட்டு ஊர்மதி வலவ" என்டு தேர்ப்பாகனுக்குச் சொல்றான், குதிரைக்குத் தார்முள்ளப் போட்டு விரட்டு என்டு அர்த்தம். இதவிட பூஸ்ட் எங்க இருக்கு? முள்ளிடல் என்டே வச்சாலும் தகும், நான் யோசிச்சுக்கொண்டு இருக்கன்.

எங்கட ஊர்ல பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படிச்சவர், 1936ல சென்னைல கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். அந்த மண்ணுல இருந்துகொண்டு பூஸ்ட் என்டு எழுத எனக்கு மனசு வராது.

சாய்ந்தமருதிலிருந்து, திங்கள் பின்னேரம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். ஐயா கோவிக்காதீங்க, நான் கராஜ் வச்சிருக்கிறவன், கையால செய்யிறதச் சொல்றன். ஹைபிரிட் வண்டி வாற நேரம் ஓட்டி வாறவர் டேஷ்போட்டக் காட்டி "சார்ஜ் ஏறுது, ஆனா சுறுக்கா இறங்குது" என்டுதான் சொல்லுவார். டேஷ்போட்டுலயும் அதத்தான் படம் போட்டுக் காட்டுது, சில்லுல இருந்து பற்றரிக்கு ஒரு அம்பு, பற்றரில இருந்து சில்லுக்கு ஒரு அம்பு. ஏத்துற, இறக்குற, ரெண்டு சொல்லும் எல்லாருக்கும் தெரியும், லொறில நெல்லு மூட ஏத்தி இறக்குற மாதிரி. ஏற்றம், இறக்கம் என்டு போடுங்க, பூஸ்ட பூஸ்டாவே விடுங்க. கதழ்விசை என்டு படிச்ச பொடியன் என்னட்ட வேலைக்கு வரக்குள்ள அத மறந்துட்டுத்தான் வருவான், அவன்ட ஒரு வருசம் வீண். தமிழ்ல படிக்கணும் என்டுறதுல எனக்கு உங்களவிட ஆசை கூட, இங்கிலீசு மெனுவல் விளங்காம ரெண்டு இன்வேட்டர எரிச்சவன் நான்.

செங்கலடியிலிருந்து, செவ்வாய்

நான் கனகாலமா மொழிபெயர்ப்பு செய்யிறன், தம்பிக்கு ஒன்டு கட்டாயம் சொல்லணும். மின்பாய்ச்சல் வேணாம். பாய்ச்சுகையும் வேணாம். "மின்சாரம் பாய்ந்து இளைஞர் பலி" என்டு எத்தன செய்தி எழுதியிருக்கன், மின்வேலில பட்டு செத்த யானைக்கும் அதே வசனம்தான். உங்கட பாடத்துல ஆரஞ்சுக் கேபிளத் தொடாத, ஹைபிரிட் பற்றரி 200 வோல்ட் என்டு ஒரு பக்கம் இருக்கும்தானே. அதே புத்தகத்துல மற்றப் பக்கம் மின்பாய்ச்சல் செய் என்டு இருந்தா பிள்ளை குழம்பும், இது உயிரோட விளையாட்டு. மின்னுந்தல் என்டு வைங்க. உந்துருளி என்டு மோட்டார் சைக்கிளுக்கு செய்திலயும் எழுதுறாங்க, உந்து என்டா எல்லாருக்கும் பழக்கம்.

மற்றதுக்கு "மீட்பு" நல்லம். அடகு வச்ச நகைய மீட்கிற மாதிரி, போனத திருப்பி எடுக்கிறது. சாய்ந்தமருது நானா சொன்ன ஏற்றம், இறக்கம் விளங்கும்தான், ஆனா வெளிய இருந்து வயர் குத்தி ஏத்துறதும் ஏற்றம்தானே, பிரேக்கால வாறத எப்பிடிப் பிரிக்கிறது? ஹைபிரிட்டுல அந்த வித்தியாசம்தான் பாடமே.

காரைதீவு ஐயாவுக்கு: மீட்டல் என்டா யாழ் மீட்டுறதும் வருமே என்டு நீங்க தொடங்க முதல் நானே சொல்லிடுறன்.

கல்லடியிலிருந்து, புதன் இரவு

அக்கா சொன்ன அந்த ஆரஞ்சுக் கேபிள் விசயம் என்னைப் பிடிச்சு உலுப்பிட்டுது, மின்பாய்ச்சல அழிச்சிட்டன். எவ்வளவு ஆசையா இருந்தாலும் ஒரு பிள்ளைட கை அதால எரியக் கூடாது.

இண்டைக்கு வகுப்புல எல்லாச் சொல்லையும் போட்ல எழுதினன். சொல்லுக்குப் பொருள் சொல்லாம 2014 கனடா ஓட்டத்தச் சொன்னன். மெர்சிடிஸ் கார் ரெண்டுலயும் அந்த 120 கிலோவாட் மோட்டார் வேலை செய்யாமப் போயிட்டுது. சக்தி குறைஞ்சது ஒரு பக்கம், மற்றப் பக்கம் பின்பிரேக்குக்கு முழுப் பாரமும் வந்துட்டுது, ஏன் என்டா அதுவரைக்கும் மோட்டாரும் சேர்ந்துதான் காரப் பிடிச்சு நிப்பாட்டினது. ஹமில்டன்ட பிரேக் சூடாகி அவர் விலகிட்டார், மற்ற மெர்சிடிஸ்ல ரொஸ்பேர்க் பழுதான தன்ட காரையே இழுத்துக்கொண்டு போய் ரெண்டாவதா வந்தார், ரிக்கார்டோ வென்டார். இதச் சொல்லிட்டு "அந்தக் காருல எது நிண்டுது?" என்டு கேட்டன். முக்கால்வாசிப் பேர் "மீட்பு" என்டு தாங்களே சொன்னாங்க. அந்தச் சொல் முடிஞ்சுது, இனி அதுல கை வைக்க மாட்டன்.

மற்றதுல இழுபறி. உந்தலுக்கு நிறையக் கை தூக்கினாங்க, ஏற்றம் இறக்கத்துக்கு கராஜ்ல வேலை செய்யிற நாலு பேர், கதழ்விசைக்கு ஒரு பொடியன், அவனுக்கு சத்தம் பிடிச்சிருக்காம், ஐயாவுக்குச் சொல்லச் சொன்னான். அப்ப படுவான்கரைல இருந்து வாற பொடியன் ஒருத்தன், வாய் திறக்கவே மாட்டான், எழும்பி நிண்டு "சேர், உந்துறது எஞ்சினும் செய்யுது, பற்றரியும் செய்யுது. இது சேர்த்து வச்சத அளந்து விடுறதுதானே, விடுறது என்டே போடுங்களன்" என்டான். நான் போட்டுக்கு முன்னால கொஞ்ச நேரம் சும்மா நிண்டன். துருசு, வட்டவிதானை என்டு உங்களுக்கு அவ்வளவு நீளமா எழுதினவன் நான், ஆனா "தண்ணி விட்டாச்சா?" என்டு வீட்டுல நாளாந்தம் கேட்ட சொல் எனக்கு வரல்ல.

அதால இப்பிடி: பிரேக்கால எடுக்கிறது மீட்பு. சேர்த்தத அளந்து குடுக்கிறது மின்விடுகை. ஸ்டியரிங்ல இருக்கிற பட்டன் உந்தல் பட்டன், அக்காட சொல்லும் உள்ளுக்கு வந்திட்டுது. நேர்ப்பாதை முடிவுல மோட்டார் நிக்கிறத கிளிப்பிங் என்டுறாங்க, அதுக்கு வெட்டு என்டு எழுதி அழிச்சிட்டன், 2022க்குப் பிறகு மின்வெட்டு என்டா எங்கட ஆக்களுக்கு வேற ஞாபகம்தான் வரும். அதுக்கு இன்னும் சொல் இல்ல, யாருக்கும் தோணினா வியாழன் இரவுக்குள்ள அனுப்புங்க.

சாய்ந்தமருதிலிருந்து, வியாழன்

மின்விடுகைக்கு நான் ஓம். வாயில வருது.

செங்கலடியிலிருந்து, வியாழன்

விடுகை என்டா பள்ளிக்கூட விடுகைப் பத்திரம்தான் முதல்ல வரும் என்டு என்ட மகள் சொல்றாள். எனக்கும் முழுத் திருப்தி இல்ல, உந்தல்தான் நேரான சொல் என்டு இப்பவும் நினைக்கன், ஆனா நேரம் இல்ல, போகட்டும்.

காரைதீவிலிருந்து, வியாழன் இரவு

மின்விடுகைல குற்றம் இல்ல. விடு தன்வினையுமாகும் பிறவினையுமாகும் என்டு விரிச்சு எழுதலாம், அச்சுக்குப் போற நேரத்துல அது வேணாம். ஆனா கதழ்விசைய நான் விடல்ல. அந்தப் பொடியன்ட ஒரு வாக்கு இருக்குத்தானே. கிளிப்பிங்குக்கு "துனைவறுதல்" என்டு பாருங்க, துனைவு அறுது, விரைவு அறுந்து போகுது. காலைல எழும்பினவுடன விளக்கமா எழுதி அனுப்புறன், அச்சுக்காரர ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்க தம்பி.