அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பிரட்டர்னிட்டி, சொரோரிட்டி வாழ்க்கையை நாவலில் எப்படி அமைப்பது?

தலவாக்கலை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அக்காவும் தம்பியும் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் இரு வேறு பல்கலைக்கழகங்களுக்குச் செல்வதாக ஒரு நாவல் எழுதிவருகிறேன். தோட்டத்தைப் பற்றிய அத்தியாயங்களை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட அந்நாட்டு மாணவர் சங்கங்களை, அதாவது ஆண்களின் பிரட்டர்னிட்டியையும் பெண்களின் சொரோரிட்டியையும் எழுத முற்படும்போது, திரைப்படங்களில் பார்த்த வெள்ளைத் தூண் மாளிகையும் இரவு விருந்தும் தவிர வேறெதுவும் மனக்கண்ணில் தோன்றவில்லை.

இவ்வாழ்க்கை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே மாதிரியானதா? அக்காவைப் போன்ற ஒருத்தி ஒரு சங்கத்தில் சேர முடியுமா? சேர்ந்தால் அங்கே எதைக் காண்பாள்? நம்மைப் பற்றி எழுதும் வெளியார் கொழுந்துக் கூடையையும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தையும் மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு எப்போதும் வலிக்கும். அதையே இன்னொரு சமூகத்துக்கு நான் செய்துவிடக் கூடாது என்பதால்தான் கேட்கிறேன்.

பண்டாரவளை மைந்தன்:

சகோதரி, முதலில் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யுங்கள். சங்கம் எப்படிப்பட்டது என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊரும் விதிகளும் வரலாறும் தீர்மானித்துவிடும்.

நீங்கள் திரையில் பார்த்த மாளிகை பெரும்பாலும் தென் மாநிலங்களுக்கு உரியது. டஸ்கலூசா நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில், ஓகஸ்ட் மாதத்தில் வகுப்புகள் தொடங்குமுன்னரே, 2,000க்கும் அதிகமான பெண்கள் ஒரு வாரத்துக்கு மேலாக வீடு வீடாகச் சென்று உறுப்பினர்களுடன் உரையாடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வந்தவர்கள் தமக்குப் பிடித்த சங்கங்களை வரிசைப்படுத்த, சங்கங்களும் வந்தவர்களை வரிசைப்படுத்துகின்றன. இறுதி நாளில் பிரையன்ட்-டென்னி விளையாட்டரங்கில் கூடி, உறைகளைப் பிரித்து, தமக்குக் கிடைத்த சங்கத்தின் வீட்டை நோக்கி எல்லோரும் ஓடுகிறார்கள். 2021இல் டிக்டொக் வழியாக உலகமே பார்த்த காட்சி இதுதான். ஆனால் அதே வளாகத்தில், கறுப்பினப் பெண்களைச் சேர்க்க மாணவிகள் விரும்பியபோதும் பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்பதை 2013இல் மாணவர் பத்திரிகையான கிரிம்சன் வைட் வெளியிட்ட பின்னர்தான் அந்தக் கதவுகள் உண்மையில் திறக்கத் தொடங்கின. தாயும் பாட்டியும் எந்தச் சங்கத்தில் இருந்தார்கள் என்பதும், பரிந்துரைக் கடிதம் யாருடையது என்பதும் நெடுங்காலம் செல்வாக்குச் செலுத்திய இடம் அது. உங்கள் கதாநாயகியை அங்கு நிறுத்தினால், அவளைத் தனிமைப்படுத்துவதில் நிறத்தை விட அந்தத் தலைமுறை அறிமுகம் அவளுக்கு இல்லாமையே பெரிதாக இருக்கும்.

நியூ ஹம்ப்ஷயரின் குளிர் மிகுந்த சிற்றூரான ஹனோவரிலுள்ள டார்ட்மத் கல்லூரி இதற்கு நேர்மாறானது. அங்கே முதலாம் ஆண்டு மாணவர் சேரவே முடியாது. தகுதி பெற்றபின் பாதிக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிடுவதால், சேராதிருப்பதுதான் அங்கே விளக்கம் சொல்ல வேண்டிய விடயமாகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உறுப்பினராகும் இல்லங்களும் அங்கு உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1902இல் தொடங்கிய தேசிய மகளிர் கூட்டமைப்பைச் சேர்ந்த 26 சொரோரிட்டிகளின் வீடுகளில் மதுபானத்துக்கு இடமில்லை. ஆகவே விருந்துகள் ஆண்களின் வீடுகளில் நடக்கின்றன. வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பவனும், என்ன பானம் ஊற்றுவது என்று தீர்மானிப்பவனும் ஆணாகவே இருக்கிறான். பெண்களின் பாதுகாப்பைப் பற்றி அங்கு நடக்கும் வாதங்களுள் பல இந்த ஏற்பாட்டையே சுட்டுகின்றன. டார்ட்மத்தில் சில மகளிர் இல்லங்கள் தேசிய அமைப்பிலிருந்து விலகித் தனித்து இயங்கி, தாமே விருந்து நடத்துவதற்கும் இதுவே காரணம். உங்கள் நாவலுக்கு மாளிகையின் தூண்களை விட இந்த வாசல் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஹட்டன் ஆசிரியர்:

உயர்தரம் முடித்த மாணவர்களுக்கு வெளிநாட்டு விண்ணப்பங்களில் வழிகாட்டி வருபவன் என்ற முறையில், கதையின் நம்பகத்தன்மை பற்றிச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை அமெரிக்காவுக்குப் போகும் பாதையைப் பணமே வகுக்கிறது. வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பாராமல் அனுமதி வழங்கி, தேவை முழுவதையும் தாமே ஈடுசெய்யும் நிறுவனங்கள் மிகச் சில. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் ஆகியவற்றுடன் டார்ட்மத்தும் மேய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரியும் 2022இல் அவ்வரிசையில் இணைந்தன. அக்காவும் தம்பியும் இவற்றுள் ஒன்றுக்குப் போவதுதான் அலபாமாவுக்குப் போவதை விட இயல்பானது.

அப்படியானால் சங்க வாழ்க்கையின் தோற்றமே மாறிவிடுகிறது. அம்ஹர்ஸ்ட் 1984இலேயே பிரட்டர்னிட்டிகளை வளாகத்திலிருந்து அகற்றியது. போடன் 1997இல் எடுத்த முடிவின்படி அவற்றைப் படிப்படியாக மூடி, பழைய சங்க வீடுகளையே எல்லா மாணவருக்குமான இல்லங்களாக மாற்றியது. பிரின்ஸ்டனில் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் உணவருந்தும் கழகங்கள் அந்த இடத்தை வகிக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் எவரும் பெயர் பதியலாம், சிலவற்றில் நேர்காணலுக்குப் பின்னரே இடம் கிடைக்கும்.

உதவித்தொகை கல்விக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் போதும். சங்கச் சந்தா வேறு. மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புக் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும், வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். அந்தப் பணத்தைச் சந்தாவுக்குக் கொடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வி அக்காவின் உள்ளத்தில் எழாமல் இருக்காது.

பதுளைத் தமிழச்சி:

இதுவரை எழுதியவர்கள் தொடாத ஒரு வரலாறு உண்டு. எனக்கு மிகவும் நெருக்கமானதும் அதுதான். வெள்ளையர் சங்கங்களில் இடம் கிடைக்காத கறுப்பின மாணவர் எழுவர் 1906இல் கொர்னல் பல்கலைக்கழகத்தில் அல்பா பை அல்பாவை நிறுவினார்கள். மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் சேர்ந்தது அதில்தான். வாஷிங்டனிலுள்ள ஹவர்ட் (Howard; ஹார்வர்ட் அல்ல) பல்கலைக்கழகத்தில் 1908இல் தோன்றிய அல்பா கப்பா அல்பா, கறுப்பினப் பெண்களின் முதல் சொரோரிட்டி. கமலா ஹரிஸ் அங்கு படித்த காலத்தில் இதன் உறுப்பினரானார். அதே ஹவர்டில் 1913 ஜனவரியில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். அவர்களது முதல் பொதுச் செயல், அவ்வருடம் மார்ச் மாதம் வாஷிங்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கோரி நடந்த பேரணியில் பங்கேற்றதாகும். இத்தகைய 9 சங்கங்களும் இன்று ஒரே அவையின் கீழ் இயங்குகின்றன. பெரிய வீடுகள் இவற்றின் அடையாளம் அல்ல. காலால் தாளமிட்டு ஆடும் ஸ்டெப் ஆட்டமும், பட்டம் பெற்ற பின்னும் ஆயுள் முழுவதும் நீடிக்கும் சமூகப் பணியுமே அடையாளம். 1948இல் குடியுரிமையும் அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிக்கப்பட்ட மக்களின் பேத்தி, அந்த மாணவிகளின் பேரணியைப் பற்றி வாசிக்கும் இடம் உங்கள் நாவலில் அவசியம் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தெற்காசியர் தொடங்கிய சங்கங்களும் உண்டு. 1996இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோவும், 1998இல் ஹூஸ்டனில் பெண்களுக்கான டெல்டா பை ஒமேகாவும் தோன்றின. அங்கே அக்காவைக் கண்டவுடன் “நீ இந்தியாவா, இலங்கையா?” என்றுதான் கேட்பார்கள். மலையகத் தமிழர் யார் என்பதைத் தன் நிறத்தை ஒத்தவர்களுக்கே அவள் விளக்க வேண்டியிருக்கும்.

கண்டி மாணவன்:

பகிடிவதையை விட்டுவிட வேண்டாம், அக்கா. 1997இல் பேராதனையில் ஒரு மாணவர் இதனால் உயிரிழந்ததும், 1998இல் அதைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்ததும் நாமறிவோம். அங்கும் 2017இல், பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பென் ஸ்டேட் என்னும் வேறொரு பல்கலைக்கழகத்தின் ஒரு சங்க வீட்டில் புதிதாகச் சேர வந்த மாணவர் அளவுக்கு மீறி மது அருந்தவைக்கப்பட்டு, விழுந்து, பல மணிநேரம் உதவியின்றிக் கிடந்து இறந்தார். அம்மாநிலம் மறுவருடமே கடுமையான சட்டம் இயற்றியது. 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான சட்டம் வந்து, இத்தகைய சம்பவங்களைப் பல்கலைக்கழகங்கள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு வேறுபாடு உண்டு. நம் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் எவரும் பகிடிவதைக்கு உள்ளாகலாம். அங்கே அது பெரும்பாலும் சேர விரும்பி வந்தவருக்கே நேர்கிறது. விரும்பிப் போனவன் எழுந்து வெளியேற ஏன் முடியவில்லை என்பதைத் தம்பியின் வழியாக எழுதினால் நான் ஆவலோடு வாசிப்பேன்.

தலவாக்கலை வாசகி:

உங்கள் எல்லோருக்கும் உளமார்ந்த நன்றி. அக்காவை டார்ட்மத்துக்கும், தம்பியைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறேன். தம்பிக்குக் கிடைக்கும் உதவித்தொகை அரிதானது என்பதை ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை வைத்துக் கதையிலேயே சொல்லிவிடுவேன். அக்கா எப்போது சேர்வதாக வைப்பது பொருத்தமாக இருக்கும்?

பண்டாரவளை மைந்தன்:

இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சேர்வதாக வையுங்கள். டார்ட்மத்தில் இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடையில் அந்த வகுப்பினர் வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், மற்ற ஆண்டினர் பெரும்பாலும் இல்லாத அந்த மாதங்களில் இல்லத்தின் பொறுப்பு அவள் வயதினரின் கைக்கு வந்துவிடும். வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று அவளே தீர்மானிக்கும் கட்டத்தை அங்கே எழுதலாம்.