மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ஏ (முதல் தலைமுறை) 1.6: பெல்ஹவுசிங் ஓட்டையில் சொட்டினால் ரியர் மெயின் சீல்தானா?

பழைய ஸ்பானர்:
பக்கத்துத் திரியில் ஒரு மகான் தீர்ப்பே எழுதிட்டார்: "முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின். பெல்ஹவுசிங் அடி ஓட்டையில் எண்ணெய் சொட்டினால் ரியர் மெயின் சீல் போச்சு. கியர்பாக்ஸை இறக்குங்க." அதுக்கு நாலு பேர் ஆமாம் சாமி வேற. அதாவது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற கூட்டுல (பெல்ஹவுசிங்) எண்ணெய் சொட்டினா, கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல் (ரியர் மெயின் சீல்) போச்சுன்னு அர்த்தமாம். எஞ்சின் ஹெட்டுக்குப் பின்னால, கேபினைப் பிரிக்கிற ஃபயர்வால் பக்கம், கேம் ஷாஃப்ட் சுத்துறதைப் பார்க்கிற கேம் ஆங்கிள் சென்சார்னு ஒண்ணு இருக்கறது யாருக்கும் ஞாபகமே வரலையா? அதுல இருக்கிறது ஒரே ஒரு ஓ-ரிங், ரப்பர் வளையம். வருஷக்கணக்கா சூட்டுல வெந்து வளையல் மாதிரி இறுகிடும். எண்ணெய் ஹெட்டோட முதுகுல வழியும், ஹீட்டர் ஹோஸை ஊறவெச்சுக் கெடுக்கும், அப்படியே இறங்கி பெல்ஹவுசிங் அடியில சொட்டும். இந்த ஓ-ரிங்குக்கு கியர்பாக்ஸை இறக்கச் சொல்றவர் புரொப்பெல்லர் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், பின்னால இருக்கிற டிஃபரென்ஷியலையும் கியர்பாக்ஸையும் கட்டியிருக்கிற பிபிஎஃப் சட்டம் எல்லாம் கழட்ட ஆள் அனுப்புவாரா?

இரும்புக்குதிரை:
அந்த மகான் அடியேன்தான். பேர் சொல்லியே திட்டலாமே ஸ்பானர் சார். வெளியில வழியுற எண்ணெய் வெளியிலதான் சொட்டும். நான் சொன்னது ஓட்டையை. அதுக்கு எண்ணெய் உள்ளேயிருந்து வருது. உள்ளே இருக்கிறது ரியர் மெயின் சீல். இதுக்கு மேல என்ன விளக்கம்?

பழைய ஸ்பானர்:
பிளாக்குக்கும் பெல்ஹவுசிங்குக்கும் நடுவுல கேஸ்கெட் எங்கே இருக்கு, காட்டுங்க. கிடையாது. இரும்பும் அலுமினியமும் நேரா உட்காருது. மேல தேங்குற எண்ணெய் அந்த இடுக்குல நுழைஞ்சு உள்சுவர்ல இறங்கி, நீங்க கும்பிடுற அதே ஓட்டை வழியா வரும்.

சொட்டு நீலம்:
ரெண்டு பேரும் சண்டைக்கு முன்னாடி எண்ணெயை மோந்து பார்க்கலாம். கந்தக நாத்தம் அடிச்சா அது கியர் எண்ணெய், கியர்பாக்ஸோட முன்பக்க இன்புட் ஷாஃப்ட் சீல் ஒழுகுது. பிசுக்கே இல்லாம தண்ணியா இருந்தா கிளட்ச்சை இயக்குற ஸ்லேவ் சிலிண்டர்ல ஒழுகுற பிரேக் திரவம். எஞ்சின் எண்ணெய்தான்னா டிகிரீசர் போட்டுக் கழுவி, யூவி (புற ஊதா) வெளிச்சத்துல மின்னுற சாயத்தை 30 மி.லி. எண்ணெயில் கலந்து, நல்லா சூடாகிற வரை ஓட்டி, இருட்டுல மஞ்சள் கண்ணாடி போட்டு யூவி டார்ச்சை மேலேயிருந்து கீழே அடிங்க. கீழேயிருந்து தேடக் கூடாது. ஓடும்போது காத்து எண்ணெயைப் பின்னால தள்ளும். அதனால நனைஞ்ச இடங்கள்லயே ரொம்ப உசரத்துல, ரொம்ப முன்னால இருக்கிறதுதான் ஊத்து.

இரும்புக்குதிரை:
சாயம் நல்லதுதான். அது ஓட்டையில மின்னினா? ரியர் மெயின் சீல்.

பழைய ஸ்பானர்:
ஓட்டை ஓட்டைன்னு ஒரே பாட்டு! சாயம் மொத்த எண்ணெயிலயும் கலந்திருக்கு. எங்கேயிருந்து ஒழுகினாலும் ஓட்டையில மின்னத்தான் செய்யும். சின்னக் கண்ணாடியை ஹெட்டுக்குப் பின்னால நீட்டிப் பாருங்க. சென்சாருக்குக் கீழே ஈரம்னா இக்னிஷன் காயில் பேக்கைக் கழட்டி வழி பண்ணிட்டு, 12 மி.மீ. போல்ட் ஒண்ணை எடுத்தா சென்சார் கையில. கழட்டுறதுக்கு முன்னாடி ஹெட்டுலயும் சென்சார்லயும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கணும், இல்லாட்டி இக்னிஷன் டைமிங் போயிடும். மாட்டினப்புறம் டயக்னாஸ்டிக் பெட்டியில டெண், ஜிஎன்டி முனைகள் ரெண்டையும் கம்பியால இணைச்சு, டைமிங் லைட்டுல 10 டிகிரி வருதான்னு பாருங்க. ஓ-ரிங் சூடு தாங்குற வைட்டான் ரப்பர்ல வாங்குங்க. சாதா நைட்ரைல் அந்தச் சூட்டுல திரும்ப இறுகும்.

மூணாவது கியர்:
எதுக்கு இவ்வளவு? 20டபிள்யூ-50 கெட்டி எண்ணெய் ஊத்தினா தானா நிக்கும்.

பழைய ஸ்பானர்:
இறுகின ரப்பரை கெட்டி எண்ணெய் இளக்குமா தம்பி? முதல்ல எஞ்சின் அடிவயிறான கிராங்க்கேஸோட ஆவியை வெளியே விடுற பிசிவி வால்வைக் கழட்டி ஆட்டிப் பாரு. சத்தம் வரலைன்னா அடைச்சிருக்கு. கிராங்க்கேஸ்ல அழுத்தம் ஏறி இருக்கிற சீல் எல்லாத்தையும் வெளியே தள்ளும்.

இரும்புக்குதிரை:
ஹெட்டை மேலே மூடுற வால்வ் கவர் முழுக்க சிலிக்கான் பூசச் சொன்ன அதே ஆள் இப்போ வைட்டான் பாடம் எடுக்கிறார். பழைய திரியெல்லாம் அழியலை சார்.

பழைய ஸ்பானர்:
முழுக்கன்னு எங்கே சொன்னேன்? கேம் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற முன் கேம் கேப் ஹெட்டைத் தொடுற மூலையில ஒரு பொட்டு. மத்தபடி அடைக்கிற வேலை கேஸ்கெட்டோடது. போல்ட் 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான். அதுக்கு மேல முறுக்கினா கேஸ்கெட் பிதுங்கி மறுபடி ஒழுகும். படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அப்போவே புரிஞ்சுது.

சொட்டு நீலம்:
நிஜமாவே கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்தாலும் சீலை மட்டும் பழி சொல்லாதீங்க. கிராங்க் ஷாஃப்ட் முனையில ஃப்ளைவீலைப் பிடிக்கிற போல்ட் துளைகள் கிராங்க்கேஸ் வரை போகுது. மரையில சீலன்ட் இல்லாம மாட்டியிருந்தா அந்த வழியாவும் ஒழுகும். புது சீல் போட்டும் நிக்கலையேன்னு புலம்புறவங்க அங்கே பார்க்கணும்.

இரும்புக்குதிரை:
ஆக எண்ணெய் உள்ளேயிருந்தும் வரும்! நான் முதல்லயே சொன்னது.

பழைய ஸ்பானர்:
நீங்க சொன்னது சீல். அவர் சொல்றது போல்ட். நான் சொல்றது ஓ-ரிங். சீலே போயிருந்தா எண்ணெய் கிளட்ச் தட்டுல பட்டு மேடு ஏறும்போது வழுக்கணுமே, வழுக்குதா?

இரும்புக்குதிரை:
எல்லாச் சீலும் உடனே கிளட்ச்சை நனைக்காது. நீங்க கண்ணாடி பிடிச்சுக்கிட்டு இருங்க, நாங்க ஜாக்கி வைக்கிறோம்.

பழைய ஸ்பானர்:
ஜாக்கி மட்டும் பத்தாது, நாலு ஸ்டாண்டும் வைங்க. மேலே பார்க்காம கீழேயே படுத்துக் கிடக்கிறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம்.