ஊட்டிக்கு சைக்கிளில் எந்த வழி?

மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் தடவையாக ரோடு சைக்கிளில் ஊட்டி ஏறப் போகிறேன். குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

பதில்: கோத்தகிரிதான் தம்பி. குன்னூர் பாதையில் பஸ்ஸும் லாரியும் முதுகிலேயே ஏறுகிற மாதிரி வரும். கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம், அதனால் சின்ன கியரிலேயே பொறுமையாக மிதி. யானை நடமாட்டம் உண்டு, இருட்டில் கிளம்பாதே.

பதில்: நேரம் இருந்தால் கோடநாடு காட்சிமுனைக்கும் ஒரு நடை போய் வாங்க, வழியெல்லாம் தேயிலைத் தோட்டம், கீழே மாயாறு.

சரி அண்ணா, ஊட்டியிலிருந்து இறங்க மசினகுடி போகிற கல்லட்டி மலைப்பாதை எப்படி?

பதில்: வேண்டவே வேண்டாம்! 36 கொண்டை ஊசி வளைவு, விடாமல் பிரேக் பிடித்ததில் ரிம் சூடேறி எனக்கு ஒரு முறை ட்யூப் வெடித்தது. அப்புறம் மிச்ச தூரம் உருட்டிக்கொண்டுதான் போனேன்.